தோற்றவனின் சாட்சியம்: ‘கான்சாகிபு சண்டை’யும் நம் வரலாற்றெழுத்தும்

அரபு மொழியில் உள்நாட்டுப் போருக்கு வழங்கும் சொல் ‘ஃபித்னா’ என்பதாகும். பொன்னை நெருப்பிலிட்டு உருக்கி அதன் மாற்றை அறிவது அச்சொல்லின் மூலப் பொருள். சோதனை, குழப்பம், ஒரே சமுதாயத்தார் தமக்குள் வாளெடுத்தல் எனப் பின்னர் அதன் பொருள் விரிந்தது. இச்சோதனை போர்க்களத்தோடு முடிந்துவிடுவதில்லை. வென்றவர் தோற்றவரைப் பற்றி என்ன எழுதினார், தோற்றவரின் மக்கள் எதை நினைவில் வைத்தனர், நூற்றாண்டுகள் கழித்து வந்தவர்கள் இவ்விரண்டையும் எவ்வாறு படித்தனர் என்பவையும் அச்சோதனையின் பகுதிகளே.

ஆர்க்காட்டு நவாபுப் பட்டத்துக்காக 1749ஆம் ஆண்டு (ஹிஜ்ரி 1162) மூண்ட போரைப் பாடநூல்கள் ‘கர்நாடகப் போர்’ என்று குறிப்பிட்டு, ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போட்டியாகவே அதைக் கற்பிக்கின்றன. ஐரோப்பியரின் பங்கு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் உள்ளிருந்து நோக்கினால் அது ஒரு ஃபித்னாவாகவே இருந்தது. இரு பக்கத்தும் முஸ்லிம் தலைவர்கள் இருந்தனர். இரு பக்கத்தும் இந்துப் பாளையக்காரர்கள் இருந்தனர். அண்ணனும் தம்பியும் எதிரெதிராக நின்றனர். அப்போரின் தெற்குக் கிளை 1764ஆம் ஆண்டு மதுரையில் ஒரு தூக்குமரத்தில் முடிவுற்றது. அங்கே தூக்கிலேறியவர் முகம்மது யூசுப் கான். அவரைத் தமிழ் மக்கள் கான்சாகிபு என்றனர். அவர் கதையைப் பாடும் ‘கான்சாகிபு சண்டை’ என்னும் கதைப்பாடலைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1972இல் வெளியிட்டது. அப்பாடலை மற்றச் சான்றுகளோடு பக்கத்தில் வைத்து எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஃபித்னா நடந்த நிலம்

நிகழ்ச்சிகளைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வருத்தீன் கான் கொல்லப்பட்டார். முந்தைய நவாபு தோஸ்து அலீ கானின் மருமகனான சந்தா சாகிபு, பிரெஞ்சுத் துணையுடன் பட்டத்துக்கு உரிமை கொண்டாடினார். அன்வருத்தீனின் மகன் முகம்மது அலீ திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் ஒதுங்கி ஆங்கிலக் கும்பினியின் துணையை நாடினார். மூன்றாண்டு இழுபறிக்குப் பின் 1752 ஜூன் மாதம் ஸ்ரீரங்கத்தில் வளைக்கப்பட்ட சந்தா சாகிபு, தஞ்சைத் தளபதி மானோஜியின் வாக்குறுதியை நம்பிச் சரணடைந்தார். வாக்குறுதி மீறப்பட்டு அவர் தலை துண்டிக்கப்பட்டது. அத்தலை முகம்மது அலீயிடம் அனுப்பப்பட்டதையும், ஒட்டகத்தின் கழுத்தில் கட்டப்பட்டுத் திருச்சிக் கோட்டைச் சுவரைச் சுற்றிவரச் செய்யப்பட்டதையும் கும்பினியின் வரலாற்றாசிரியர் இராபர்ட் ஓர்ம் பதிவு செய்துள்ளார்.

தலைவர் வீழ்ந்தபின்னும் தெற்கே அவர் கட்சி அடங்கிவிடவில்லை. சந்தா சாகிபின் சார்பில் மதுரையைக் கைப்பற்றிய ஆலம் கான் திருச்சிப் போரில் மாண்டபின், அவர் விட்டுச்சென்ற மூன்று பட்டாணியத் தலைவர்கள் மதுரையையும் நெல்லையையும் தம் பிடியில் வைத்திருந்தனர். மியானா என்று அறியப்பட்ட முகம்மது பர்க்கி, மூடேமியா என்று அறியப்பட்ட முகம்மது மைனாக், நபிகான் கட்டக் என்பார் அம்மூவர். நெல்கட்டும்செவல் பாளையக்காரரான பூலித்தேவரோடு இவர்கள் கைகோத்தனர். 1755இல் நவாபின் அண்ணன் மகபூசு கானும் கர்னல் ஹெரானும் படையுடன் தெற்கே வந்தனர். அப்படையில் சிப்பாய்களுக்குத் தலைமை தாங்கி வந்தவரே யூசுப் கான். சில ஆண்டுகளுக்குள் அதே மகபூசு கான் தம்பியோடு பிணங்கிப் பூலித்தேவர் அணியில் போய்ச் சேர்ந்தார். மதத்தையோ சாதியையோ அளவுகோலாகக் கொண்டு இப்போரைப் படிக்க முயல்வோர் இம்மூன்று பட்டாணியரிடமும் மகபூசு கானிடமும் வந்தவுடன் இடறி விழுவது தவிர்க்க இயலாதது.

இந்த நிகழ்ச்சிகளின் நிலப்பரப்பில் கணிசமான பகுதி இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் அடங்கும். மதுரையிலிருந்து நெல்லைச் சீமைக்கு இறங்கும் மேற்குப் பாதையில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஒரு முக்கியக் கோட்டைத் தலம். அவ்வூரின் பெயர் ஓர்மின் நூலிலும், 1881இல் கால்டுவெல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரத்திலும் மீண்டும் மீண்டும் வருகின்றது. இராசபாளையம் வட்டாரத்துக் கொல்லங்கொண்டானும் சேத்தூரும் மேற்குப் பாளையங்களைச் சேர்ந்தவை. வெம்பக்கோட்டைப் பக்கத்து ஏழாயிரம்பண்ணையும் ஒரு பாளையமே. சிவகாசியைச் சூழ்ந்த இவ்வட்டாரத்தைப் பட்டாசோடும் தீப்பெட்டியோடும் சேர்த்தே இன்று நாடு அறிகின்றது. அத்தொழில்கள் 20ஆம் நூற்றாண்டில் வேர்பிடித்தவை. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இம்மண் வெடிமருந்தின் வாடையை அறிந்திருந்தது. அது திருவிழாவுக்கான மருந்தன்று. வத்திராயிருப்புக்கு அருகே கான்சாபுரம் என்றோர் ஊர் இருக்கின்றது. அப்பெயரை உச்சரிக்கும் நாவுகளில் எத்தனை அதன் பின்னுள்ள ஃபித்னாவை நினைக்கும் என்பது நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

யூசுப் கான் 1759இல் மதுரை, நெல்லைச் சீமைகளை ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்குக் குத்தகையாகப் பெற்றார். 1761இல் நெல்கட்டும்செவலைக் கைப்பற்றிப் பூலித்தேவரின் ஆற்றலை முறித்தார். அதற்கடுத்த ஆண்டுகளில் அவருக்கும் நவாபு முகம்மது அலீக்கும் பகை முற்றியது. தம்மை ஆளாக்கியது கும்பினியே, தாம் நவாபின் வேலையாள் அல்லர் என்பது அவர் வாதம். நாடு தம்முடையது, குத்தகைக்காரர் தமக்குக் கட்டுப்பட்டவர் என்பது நவாபின் வாதம். கும்பினி நவாபின் பக்கம் சாய்ந்தது. யூசுப் கான் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். 1763இல் நடந்த முதல் முற்றுகை தோற்றது. 1764இல் மேஜர் கேம்பல் தலைமையில் மீண்டும் முற்றுகை நடந்தது. கோட்டைக்குள் பசி புகுந்தபின், திவான் சீனிவாசராவ், மருத்துவர் பாபா சாகிபு, பிரெஞ்சுத் தளபதி மார்ச்சாண்ட் ஆகியோர் கூடி அவரைப் பிடித்துக் கொடுத்தனர். 1764 அக்டோபர் 15ஆம் நாள் (ஹிஜ்ரி 1178) நவாபின் ஆணைப்படி அவர் தூக்கிலிடப்பட்டார். காட்டிக்கொடுத்தோருள் ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் ஒரு கிறித்தவரும் இருந்தனர் என்பதைக் கருத்தில் கொள்க.

வென்றவரின் ஏடுகள்

இந்த ஃபித்னாவைப் பற்றி மூவகைச் சான்றுகள் நமக்குக் கிடைக்கின்றன. முதலாவது பாரசீக அரசவை வரலாறு. புர்ஹான் இப்னு ஹஸன் எழுதிய ‘துஸுக்கே வாலாஜாஹி’ இவ்வகையில் தலையாயது. இதனை ஆங்கிலத்தில் பெயர்த்து, 1934இலும் 1939இலும் இரு பகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக வெளிக்கொணர்ந்தவர், அப்பல்கலைக்கழகத்தின் அரபி, பாரசீக, உருதுத் துறைக்குத் தலைமை தாங்கிய டாக்டர் முகம்மது ஹுசைன் நயினார். தமிழ் முஸ்லிம் அறிஞர் ஒருவர் நம் வரலாற்றுக்கு ஆற்றிய அரும்பணி அது. ஆயினும் மூல நூல் யாருக்காக எழுதப்பட்டது என்பதை அதன் பெயரே சொல்லிவிடுகின்றது. வாலாஜா என்பது முகம்மது அலீயின் விருதுப் பெயர். அவர் அரண்மனை நிழலில் உருவான ஏட்டில் அவர் வழிவழி வந்த நல்லாட்சியாளர்; சந்தா சாகிபு அவ்வாட்சிக்கு இடையூறு. ஏட்டாசிரியர் பொய்யர் என்பது நம் கருத்தன்று. அரசவை ஏடு என்ற இலக்கிய வகையே தோற்றவனுக்கு வாய் தருவதில்லை. அவன் அங்கே ஒரு நிகழ்ச்சியாக மட்டுமே வருகின்றான், வீழ்வதற்கென்றே வருகின்றான்.

இரண்டாவது கும்பினியின் ஏடுகளும் அவற்றிலிருந்து எழுந்த ஆங்கில நூல்களும். இவற்றுள் எஸ். சி. ஹில் 1914இல் இலண்டனில் வெளியிட்ட யூசுப் கான் வரலாறு முதன்மையானது. ஆவணங்களை உழைத்துத் திரட்டிய நூல் அது. யூசுப் கானின் திறமையை அது மறைக்கவும் இல்லை. ஆனால் நூலின் தலைப்பிலேயே அவருக்குக் ‘கலகத் தளபதி’ என்னும் அடைமொழி கொடுக்கப்பட்டுவிடுகின்றது. வழக்கு விசாரணைக்கு முன்பே தீர்ப்பு வாசிக்கப்படுகின்றது. யாருக்கு எதிரான கலகம் என்பதே அன்று வழக்காக இருந்தது. அவர் கும்பினியின் ஆளா, நவாபின் ஆளா என்னும் கேள்விக்கு விடை தெளிவாக இருந்திருந்தால் போரே மூண்டிருக்காது.

வரலாற்றின் இன்னொரு திருப்பத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1752இலும் 1764இலும் வென்ற வாலாஜா குடும்பம், 1801இல் கர்நாடக ஆட்சியைக் கும்பினியிடம் இழந்தது. 1855இல் நவாபு என்னும் பட்டத்தையும் இழந்தது. வென்றவரின் ஏடு இவ்வாறு தோற்றவரின் ஏடாயிற்று. 20ஆம் நூற்றாண்டில் ஓர் அறிஞர் அதனைத் தேடிப் பெயர்க்கும் வரையில் அதைப் பொதுவாசகர் அறியாமலிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். எந்த வெற்றியும் ஏட்டில் நிலைப்பதற்குக் காலத்திடம் உறுதிமொழி பெற்றதில்லை.

தோற்றவரின் பாடல்

மூன்றாவது சான்று ‘கான்சாகிபு சண்டை’. இதனைத் தனித்துப் படிப்பதைவிட அதன் இனத்தோடு சேர்த்துப் படிப்பதே முறை. தமிழில் வரலாற்றுக் கதைப்பாடல்கள் எவரைப் பாடின? செஞ்சியில் 1714இல் நவாபு சாதத்துல்லா கானின் படையிடம் வீழ்ந்த தேசிங்குராசனைப் பாடின. 1799இல் கயத்தாற்றில் தூக்கிலேறிய கட்டபொம்மனைப் பாடின. 1764இல் மதுரையில் தூக்கிலேறிய கான்சாகிபைப் பாடின. வென்ற நவாபுகளுக்கும் வென்ற தளபதிகளுக்கும் பாரசீகத்திலும் ஆங்கிலத்திலும் ஏடுகள் வாய்த்தன. தோற்றவர்களுக்குத் தமிழில் உடுக்கும் பாட்டும் வாய்த்தன. தேசிங்கு கதையில் மணக்கோலத்தை விட்டு எழுந்துவந்து நண்பனுக்காக உயிர்விடும் முஸ்லிம் வீரனை நாட்டுப்புற மக்கள் மறக்கவில்லை. நவாபு முஸ்லிம் என்பதும் அந்நண்பன் முஸ்லிம் என்பதும் பாடியவர்களுக்கு ஒருசேரத் தெரிந்தே இருந்தது. அவர்கள் பகையையும் நட்பையும் மதத்தின் கணக்கில் எழுதவில்லை.

நம் சொந்த இலக்கிய மரபோடு இதனை ஒப்பிடுவது பயனுடையது. தமிழ் முஸ்லிம் புலவர்கள் ‘படைப்போர்’ என்றொரு தனி இலக்கிய வகையை வளர்த்தனர். 17ஆம் நூற்றாண்டில் எழுந்த ‘சக்கூன் படைப்போர்’ அதற்குப் புகழ்பெற்ற சான்று. படைப்போர் இலக்கியங்கள் பெரும்பாலும் இசுலாமிய வீரரின் வெற்றியைப் பாடுகின்றன; அவற்றின் களம் தொலைதூர அரபு நிலம். நம் வாசற்படியில் நடந்த போரைப் பாடும் பொறுப்பை, பெயர் தெரியாத கதைப்பாடல்காரரிடம் நாம் விட்டுவிட்டோம். இந்த இடைவெளி சிந்திக்கத்தக்கது.

கதைப்பாடலின் தனிச்சிறப்பு அது கான்சாகிபுக்கு வைத்த பெயரிலேயே தொடங்குகின்றது. இராமநாதபுரச் சீமையின் பனையூரில் வேளாளர் குலத்தில் பிறந்து இசுலாத்தைத் தழுவியவர் என்பது அவரைப் பற்றி வழங்கும் செய்தி. பிற்காலத்தார் அவரை மருதநாயகம் என்று அழைத்து ஒரு பக்கம் இழுக்கின்றனர்; முகம்மது யூசுப் கான் என்று அழைத்து மறுபக்கம் இழுக்கின்றனர். 1997இல் தொடங்கப்பட்டு முற்றுப்பெறாத திரைப்படம் முதற்பெயரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. பாடலோ இவ்விரண்டையும் தலைப்பாக்காமல், அவருக்கு அஞ்சியவரும் அவரை நேசித்தவரும் ஒருங்கே வழங்கிய ‘கான்சாகிபு’ என்னும் பெயரையே தன் தலைப்பாக்கியது. அது பதவியையும் மரியாதையையும் சுட்டும் பெயர்; குலத்தைச் சுட்டும் பெயரன்று.

இனி அதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். கதைப்பாடல் மரபில் வீரன் வீழ்வதற்கு முன் தீநிமித்தங்கள் தோன்றும், மனைவி தடுப்பாள், வீரன் கேளான். இந்த அமைப்பு இரண்டு பணிகளைச் செய்கின்றது. வீரனின் வீழ்ச்சி அவன் தகுதியின்மையால் வந்ததன்று என்று கேட்போரைத் தேற்றுகின்றது. அதே வேளையில் வீழ்ச்சியின் உண்மையான காரணங்களை விதியின் திரைக்குப் பின்னால் ஒளித்தும் விடுகின்றது. காட்டிக்கொடுத்தவனின் பெயர் பாட்டில் நிலைக்கின்றது. குத்தகைத் தொகை நிலைப்பதில்லை. குத்தகையை நீட்டிக்க ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாய் தர யூசுப் கான் முன்வந்தார் என்ற செய்தி ஆங்கில ஏடுகளின் வழியாகவே நமக்கு எட்டுகின்றது. 5 லட்சம் 7 லட்சமானால் அக்கூடுதல் தொகையை ஈட்டித் தருவது யார்? ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து நன்செயும் சாத்தூர்ப் பக்கத்துக் கரிசலும் அல்லவா? உழவனின் களத்துமேட்டில் நெல் அளந்த மரக்காலின் ஓசை அரசவை ஏட்டிலும் இல்லை, கும்பினி ஏட்டிலும் இல்லை, பாடலிலும் இல்லை. தோற்றவருள்ளும் ஆகத் தோற்றவன் அவன்தான்.

எனவே கதைப்பாடலை வரலாறு என்று அப்படியே ஏற்பதும் பிழை, கற்பனை என்று தள்ளுவதும் பிழை. அது ஒரு சாட்சியம். சாட்சியத்தை எடைபோடும் கலை நம் கல்விமரபுக்குப் புதியதன்று.

ஃபிக்ஹு தரும் அளவுகோல்

இசுலாமிய வரலாற்றின் முதல் ஃபித்னாக்கள் நபி (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின் அரை நூற்றாண்டுக்குள் நிகழ்ந்தன. ஹிஜ்ரி 36இல் ஜமல் போர், 37இல் ஸிஃப்பீன், 61இல் கர்பலா. ஜமல் போரில் வென்ற அலீ (ரலி) அவர்கள், புறங்காட்டி ஓடியவரைத் துரத்த வேண்டாம், காயமுற்றவரைக் கொல்ல வேண்டாம் என ஆணையிட்டதையும், இரு பக்கத்து மையித்துகளுக்கும் தொழுகை நடத்தியதையும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை மரியாதையுடன் மதீனாவுக்கு அனுப்பிவைத்ததையும் வரலாற்றாசிரியர்கள் எடுத்துரைக்கின்றனர். எதிர்த்து நின்றவர்களைத் தம் சகோதரர்கள் என்றே அவர்கள் குறிப்பிட்டதாகவும் செய்தி உண்டு. திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம், தமக்குள் போரிடும் இரு கூட்டத்தாரையும் விசுவாசிகள் என்றே அழைத்து, அவர்களுக்கிடையே நீதியுடன் சமாதானம் செய்யப் பணிக்கின்றது.

இவ்வடித்தளத்தின் மேல் ஃபுகஹாக்கள் ‘புகாத்’ என்னும் தனி அத்தியாயத்தைக் கட்டியெழுப்பினர். நம் அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ போன்ற நூல்களில் அதனைக் காணலாம். ஒரு கூட்டத்தார் ஆட்சியாளரை எதிர்க்கையில் அவர்களுக்கு ஒரு ‘தஃவீல்’, அதாவது தம் செயலுக்குரிய விளக்கமும், அவர்கள் சொல் செல்லும் வலிமையும் இருந்தால், அவர்கள் கொள்ளையராகக் கருதப்படமாட்டார். அந்த விளக்கம் பிழையானதாக இருப்பினும் சரியே. அவர்களில் பிடிபட்டவரைக் கொல்லலாகாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஹனஃபீ மத்ஹபில், ஓடியவர் சென்று சேர்வதற்கு ஓர் அணி எஞ்சியிருப்பின் சட்டம் மாறுபடும். அணி எஞ்சவில்லையெனில் அங்கும் தடையே. போர் ஓய்ந்ததும் அவர்கள் பொருள் அவர்களுக்கே திரும்பும். அவர்களின் காழி அளித்த தீர்ப்புகள் செல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்களின் சாட்சியம் ஏற்கப்படும்.

இந்தக் கடைசி விதியை ஓதும்போது மாணவர்கள் அதனை நீதிமன்ற விவகாரமாக மட்டும் எண்ணிக் கடந்துவிடுகின்றனர். அது வரலாற்றெழுத்துக்கும் ஓர் உசூல் ஆகும் என்பது என் கருத்து. எதிர்த்து நின்றான், தோற்றான் என்பதனால் ஒருவனின் வாய்மொழி மதிப்பிழப்பதில்லை. நம் முன்னோர் இவ்விதியைத் தம் ஏடுகளில் கடைப்பிடித்தும் காட்டினர். கர்பலாவில் வென்றது உமய்யாக்களின் படை. ஆனால் அந்நாளைப் பற்றி நமக்கு எட்டிய விரிவான செய்திகளில் பெரும்பகுதி, கூஃபாவைச் சேர்ந்த அபூ மிக்னஃப் திரட்டியதும், ஹிஜ்ரி 310இல் மறைந்த இமாம் தபரீ (ரஹ்) தம் பெருநூலில் சேர்த்துக்கொண்டதுமாகும். ஹதீஸ் அறிஞர்கள் அபூ மிக்னஃபைப் பலவீனமானவர் என்று மதிப்பிட்டனர். தபரீ அம்மதிப்பீட்டை அறியாதவர் அல்லர். ஆயினும் அறிவிப்பாளரின் பெயரைச் சொல்லிச் செய்தியைப் பதிவு செய்து, எடைபோடும் பொறுப்பை வாசகரிடம் விட்டார். நான் இங்கே கர்பலாவின் ஷஹீதுகளோடு வேறெவரையும் ஒப்பிடவில்லை. எழுதும் முறையையே சுட்டுகின்றேன்.

இவ்வளவுகோலைக் கொண்டு 1764ஐ அளந்தால் என்ன கிடைக்கும்? யூசுப் கானுக்கு ஒரு தஃவீல் இருந்ததா என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு. குத்தகைப் பணத்துக்காக எழுந்த பிணக்கு அது, புகாத் என்னும் தகுதி அவருக்கு இல்லை என்று ஒருவர் வாதிடலாம். தம் எசமானர் யார் என்னும் கேள்வியில் அவருக்கொரு நியாயமான விளக்கம் இருந்தது என்று மற்றொருவர் வாதிடலாம். ஆனால் அக்டோபர் 15இலும் அதற்குப் பின்னும் நடந்ததில் இரு கருத்துக்கு இடமில்லை. கோட்டை பணிந்துவிட்டது, சென்று சேர அணி எதுவும் இல்லை. அந்நிலையில் பிடிபட்டவர் தூக்கிலிடப்பட்டார். அவர் உடலைத் துண்டித்து வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பினர் என்று மரபு கூறுகின்றது. உடலைச் சிதைக்கும் ‘முஸ்லா’வை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பதை மதரசாவின் இளநிலை மாணவனும் அறிவான். பள்ளிவாசல்களைக் கட்டியவரும் உலமாக்களைப் போற்றியவருமான ஒரு நவாபின் ஆட்சியில் இது நிகழ்ந்தது. அவர் ஆதரித்த கல்வி அவர் கையைத் தடுக்கவில்லை. இதை எழுதத் தயங்கினால் நாமும் அரசவை ஏட்டாசிரியர்களாகவே இருப்போம்.

பொதுமக்கள் தயங்கவில்லை. மதுரை சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலத்தின் மேல் 1808இல் ஒரு சிறு பள்ளிவாசல் எழுந்தது. பெரியகுளத்தில் அவர் கால் அடங்கியதாகக் கூறி ஓர் இடத்தைப் போற்றுகின்றனர். ஆட்சியாளர் சிதைத்த உடலை மக்களின் நினைவு இவ்வாறு ஊர் ஊராகச் சேர்த்தெடுத்தது.

நம் காலத்துப் பட்டியல்கள்

இனி நம் பக்கம் திரும்ப வேண்டும். அண்மைப் பத்தாண்டுகளில் ‘விடுதலைப் போரில் முஸ்லிம்கள்’ என்னும் வகையில் பல சிறுநூல்கள் வெளிவந்துள்ளன. முஸ்லிம்களின் பங்கு பாடநூல்களில் மறைக்கப்படுகின்றது என்னும் நியாயமான வேதனையில் பிறந்தவை அவை. அவ்வேதனையில் எனக்கும் பங்குண்டு. ஆனால் அவற்றுள் பல, யூசுப் கானை வெள்ளையரை எதிர்த்த முதல் வீரர் என்று ஒரே வரியில் எழுதிப் பட்டியலில் சேர்த்துவிட்டு நகர்கின்றன. அந்த ஒரே வரியில் எவ்வளவு மறைகின்றது! அவர் வாழ்வின் பெரும்பகுதி கும்பினியின் கொடிக்கீழ் கழிந்தது. 1758–59இல் சென்னைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் முற்றுகையிட்டபோது அதைக் காக்கப் போராடியவர் அவர். மதுரைச் சுற்றுப்புறக் கள்ளர்களையும் நெல்லைப் பாளையங்களையும் ஒடுக்கியவரும் அவர். 1761இல் நெல்கட்டும்செவலின் பக்கம் தோற்றது. தோற்கடித்தவர் நம் பட்டியலின் நாயகர்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர்களில் பூலித்தேவரின் நினைவைப் போற்றுவோர்க்குக் கான்சாகிபு வென்றவர். மதுரையில் அவர் தோற்றவர். இந்த இரண்டு நினைவுகளும் இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் எல்லைக்குள்ளேயே ஒன்றையொன்று சந்திக்கின்றன. கான்சாபுரமும் கொல்லங்கொண்டானும் ஒரே மலையின் அடிவாரத்தில் உள்ளன. ஒவ்வொரு சமூகமும் தனக்கொரு வீரனைத் தேர்ந்து, சுவரொட்டி அச்சிட்டு, அவன் பிறந்தநாளில் ஊர்வலம் போகும் காலம் இது. தென்மாவட்டங்களில் அவ்வூர்வலங்கள் சில நேரங்களில் எங்கே போய் முடிந்தன என்பதை நாம் அறிவோம். நாமும் அந்த வரிசையில் நம் சுவரொட்டியோடு போய் நிற்பதா? அல்லது வென்றபோது அவர் செய்ததையும் தோற்றபோது அவருக்குச் செய்யப்பட்டதையும் ஒரே நூலில் எழுதும் துணிவைக் காட்டுவதா?

தோற்ற சமூகம் வென்றவரின் உடையையும் வழக்கத்தையும் பின்பற்ற விரும்பும் என்று இப்னு கல்தூன் (ரஹ்) ‘முகத்திமா’வில் விளக்கியுள்ளார். வரலாறு எழுதும் முறையிலும் இது உண்மை. நம் சிறுநூல்கள் நவாபின் ஏட்டாசிரியரை எதிர்க்கின்றன. ஆனால் அவருடைய எழுத்து முறையையே பின்பற்றுகின்றன. அவர் தம் தலைவரைக் குறையற்றவராக்கினார்; நாம் நம் தலைவரைக் குறையற்றவராக்குகின்றோம். அவர் எதிர்த்தரப்பின் வாயை அடைத்தார். நாம் பூலித்தேவரின் பக்கத்தை ஒரு வரியும் எழுதாமல் விடுகின்றோம். பெயர்கள் இடம் மாறின, முறை மாறவில்லை. பூலித்தேவரோடு நின்ற மூன்று பட்டாணியரை இவ்வகைப் பட்டியல்களில் காண்பது அரிது. அவர்கள் முஸ்லிம்கள், நவாபையும் அவருக்குப் பின்நின்ற கும்பினியையும் எதிர்த்தவர்கள், ஓர் இந்துப் பாளையக்காரரின் தோழர்கள். இம்மூன்றும் ஒருசேரப் பொருந்தியும் அவர்கள் நினைவில் நிற்கவில்லை. அவர்களுக்குக் கதைப்பாடல் வாய்க்கவில்லை என்பது ஒரு காரணம். நாம் தேடவில்லை என்பது மற்றொரு காரணம்.

இதற்கு மாற்று எளிதன்று. ஆனால் நம் கைக்கு எட்டாததும் அன்று. அரபுக் கல்லூரிகளில் மங்கிவிட்ட பாரசீகக் கல்விக்கு மீண்டும் இடம் தர வேண்டும். டாக்டர் நயினார் ஆங்கிலத்தில் பெயர்த்தவற்றை மூலத்தோடு ஒப்பிட்டுத் தமிழில் தரும் மாணவர்கள் உருவாக வேண்டும். ‘கான்சாகிபு சண்டை’யையும் பூலித்தேவரைப் பற்றிய வாய்மொழிச் செய்திகளையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க வேண்டும். புகாத் அத்தியாயத்தை நடத்தும் ஆசிரியர், சாட்சியம் பற்றிய விதிக்கு எடுத்துக்காட்டாக மதுரையையும் நெல்கட்டும்செவலையும் காட்டினால், அவ்வத்தியாயம் மாணவர் நெஞ்சில் தங்கும்.

திருச்சியில் நத்தர்வலி தர்காவின் வளாகத்தில் சந்தா சாகிபு அடங்கியுள்ளார். நவாபு முகம்மது அலீயும் அங்கேயே அடங்கியுள்ளார். ஒருவரின் தலையைக் கோட்டைச் சுவரைச் சுற்றி வலம்வரச் செய்த பகை, அந்த வளாகத்தின் வாயிலில் நின்றுவிட்டது. அங்கு ஃபாத்திஹா ஓதுவோர் வென்றவர் யார், தோற்றவர் யார் என்று கேட்டு ஓதுவதில்லை. வரலாறு எழுதுவோர் அவ்வளவு எளிதாக அக்கேள்வியைக் கடந்துவிட இயலாது. யார் என்ன செய்தார் என்பதை அவர்கள் எழுதியே ஆக வேண்டும். ஆனால் எழுதுமுன் இரு கப்றுகளின் பக்கத்திலும் நின்று கேட்பது அவர்கள் மீது கடமை.